தூக்க முடியாத வண்டியில ஊர் சுத்தப் போறீங்களா?

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். கீழ சாய்ஞ்சா தனி ஆளா தூக்கி நிறுத்த முடியாத வண்டி, டூர் போற வண்டியே கிடையாது. விலை எத்தனை லட்சமா இருந்தாலும் சரி, எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் சரி, விளம்பரத்துல பனிமலை உச்சியில நிக்க வச்சு படம் எடுத்திருந்தாலும் சரி. இதைச் சொன்னா எங்க ஊர் பசங்க, "உனக்கு வயசாயிடுச்சு பெரிப்பா, உன்னால தூக்க முடியல, அதான் பேசுற"ன்னு சிரிக்கிறாங்க. எனக்கு அம்பத்தஞ்சு ஆகுது, உண்மைதான். ஆனா அறுப்பு முடிஞ்சா இன்னிக்கும் களத்துல மூட்டை தூக்குறவன் நான்தான். சிரிக்கிற பசங்க யாரும் அந்தப் பக்கம் வர்றதில்ல. அதனால எடையைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்க ஊர் கவரப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவுல இருக்கு. ஒரு பக்கம் ஜி.என்.டி. ரோடு, இன்னொரு பக்கம் ரயில் லைன். நடுவுல நம்ம மூணு ஏக்கர். ஊர்ல பாதிப் பசங்க சிப்காட்டுக்குத்தான் வேலைக்குப் போறாங்க. முன்னாடியெல்லாம் வேலை கிடைச்சா முதல்ல ஒரு 100 சிசி வண்டி எடுப்பாங்க. இப்போ கதை வேற. வேலையில சேர்ந்து ஆறு மாசம் ஆகல, ஷோரூம்ல போய் நிக்கிறாங்க. "இது டூரிங் பைக் பெரிப்பா, லடாக் வரைக்கும் போகும்"ங்கிறான் ஒருத்தன். லடாக் போகும், சரி. நம்ம ஊர் வாய்க்கா பாலத்துல எதிர்ல டிராக்டர் வந்தா ரெண்டு அடி பின்னாடி போகுமா? அதைக் கேட்டா பதில் இல்ல. இறங்கி ரெண்டு பேர் சேர்ந்து தள்ளணும்.

கணக்கு சொல்றேன், கேளுங்க. இன்னிக்கு வர்ற கிளாசிக் 350 எடை 195 கிலோ. புல்லட் 350யும் அதே 195. ஹிமாலயன் 450, 196 கிலோ. சூப்பர் மீட்டியார் 650ன்னு ஒண்ணு ஓடுது, அது 241 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல நாம போடுற சிப்பம் ஒண்ணு 40 கிலோ. அப்படின்னா கிளாசிக்குங்கிறது அஞ்சு சிப்பத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. சூப்பர் மீட்டியார் ஆறு சிப்பத்தையும் தாண்டிடுச்சு. ஸ்பிளெண்டர் 112 கிலோ, மூணு சிப்பம்கூட இல்ல. எக்ஸ்எல் 100 தொண்ணூறு கிலோவுக்குள்ள, அதாவது ரெண்டே கால் சிப்பம். விழுந்த வண்டியைத் தூக்கும்போது முழு எடையும் கைக்கு வராது, ஒரு பக்கம் சக்கரம் தரையில ஊனி நிக்கும். வாஸ்தவம். ஆனா கைக்கு வர்ற பங்கே முதுகை முறிக்கப் போதும்.

இந்த எடையும் காலி வண்டி எடைதான். பெட்ரோல் ஊத்தின நிலையில நிக்கிற எடையை கர்ப் வெயிட்டுன்னு போட்டிருப்பாங்க, நான் சொன்னதெல்லாம் அதுதான். டூருக்குன்னு கிளம்பினா அதோட நிக்குதா? முன்னாடி கிராஷ் கார்டு, பக்கத்துக்கு ஒரு பெட்டி, பின்னாடி ஒரு பெட்டி, அதைத் தாங்க இரும்புச் சட்டம், எக்ஸ்ட்ரா லைட்டு. எல்லாம் மாட்டினா கண்ணை மூடிக்கிட்டு இருபது கிலோ ஏறும். துணிமணி, கூடாரம், தண்ணின்னு இன்னொரு பதினஞ்சு. பின்னாடி ஒரு ஆள் வேற உட்காருறார். அப்புறம் "வண்டி கொஞ்சம் இழுக்க மாட்டேங்குது, இதைவிடப் பெரிய இஞ்சின் எடுத்திருக்கணும்"னு பேச்சு. பாரத்தை ஏத்திட்டு மாட்டைக் குறை சொல்றவன் மாதிரி.

மாடுன்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கம் ஆந்திரா எல்லை. அந்தக் காலத்துல நெல்லூர் மாடு, அதாவது ஓங்கோல் மாடு, ஒரு ஜோடி வாசல்ல கட்டியிருந்தா அந்த வீட்டுக்கே தனி மரியாதை. ஆளுயரம், பெரிய திமில், பார்க்கவே கம்பீரம். வண்டி இழுக்கவும் காஞ்ச நிலத்துல உழவும் அது ராஜா. ஆனா சேடை ஓட்டுற வயல்ல பெரிய மாடு இறங்கினா கால் புதைஞ்சு திணறும். சேத்துக்குன்னு பேர் வாங்கினது தஞ்சாவூர் பக்கத்து உம்பளச்சேரி மாடுதான். குள்ளம், சிறுசு, ஆனா முழங்கால் சேத்துல சளைக்காம நடக்கும். டிராக்டர்லயும் அதே கதைதான். பெரிய டிராக்டரை ஈர வயல்ல இறக்கி அச்சு வரைக்கும் புதைச்சுட்டு, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் தேடின கூத்தை வருஷா வருஷம் பார்க்கிறோம். பவர் டில்லர்காரன் சத்தமில்லாம முடிச்சுட்டுப் போயிருப்பான். நிலத்தைப் பார்த்துதான் மாட்டைப் பிடிக்கணும். ரோட்டைப் பார்த்துதான் வண்டியைப் பிடிக்கணும். வாசல்ல கட்டி அழகு பார்க்கணும்னா அது வேற சமாச்சாரம்.

இப்போ பசங்க சொல்ற நியாயங்களை ஒவ்வொண்ணா எடுத்துக்குவோம்.

முதல் நியாயம்: "டூருக்கு பவர் வேணும்." வேணும்தான். ஆனா எடை இருந்தா பவர் இருக்கும்னு யார் சொன்னது? கிளாசிக் 350 இஞ்சின் குடுக்குறது 20 குதிரைசக்திக்குக் கொஞ்சம் மேல. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி குடுக்குறது 19க்குக் கொஞ்சம் கீழ. வித்தியாசம் ஒரு குதிரை, ஒன்றரைக் குதிரை. எடையில வித்தியாசம் 36 கிலோ, அது 159தான். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 250 சிசி, 167 கிலோ, பவர் 26 குதிரை. அதாவது 28 கிலோ கம்மியா இருந்துகிட்டு ஆறு குதிரை அதிகமா இழுக்குது. புல்லட்டுக்கு அடிமட்டத்துல இழுவை நல்லா இருக்கும், கியர் மாத்தாம டுபுடுபுன்னு ஏறும், அதை நான் மறுக்கல. அந்த இழுவைல ஒரு பங்கு தன்னோட உடம்பையே தூக்கத்தானே போகுது?

ரெண்டாவது நியாயம்: "ஹைவேயில கனமான வண்டிதான் ஆடாம போகும்." இதுல பாதி உண்மை இருக்கு. நூறுக்கு மேல முறுக்கிட்டுப் போனா கனமான வண்டி கல்லு மாதிரி ஓடும். கண்டெய்னர் லாரி உரசிக்கிட்டுப் போகும்போது சின்ன வண்டியைக் காத்து தள்ளும். ஆனா 2018ல மத்திய அரசு வெளியிட்ட வேக வரம்பு அறிவிப்புல நாலு வழிச் சாலையில பைக்குக்கு 80ன்னுதான் போட்டிருந்தாங்க. 80க்குள்ள போறவனுக்கு நல்ல டயர், சரியான காத்து, நிதானமான கை, இது மூணும் போதும். காத்து தள்ளுறதும் வண்டி எடையால மட்டும் வர்றதில்ல. ரெண்டு பக்கமும் பெட்டி கட்டி அகலமாக்கிட்டா கனமான வண்டியும் பாய் விரிச்ச படகு மாதிரிதான். அதுவுமில்லாம எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுக லாரிங்க ஓடுற ரோட்டுல எந்த பைக்குமே லாரிக்கு முன்னாடி கொசுதான். 195 கிலோ கொசு, 150 கிலோ கொசு, லாரிக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. ஒதுங்கத் தெரிஞ்சவன் பிழைப்பான். ஒதுங்குறதுக்கு லேசான வண்டிதான் வசதி.

ஹைவேயை விட்டு இறங்கினா நம்ம பக்கம் என்ன ரோடு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போனா ஏரிக்கரை ஓரம் கடல் மணல். ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் மலை அடிவாரம் போனா ஜல்லியும் செம்மண்ணும். ஆரணியாத்துல தண்ணி வந்தா தரைப்பாலத்து மேல பாசி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்ச பிறகு எங்க ஊர் ரோடு பல மாசம் பள்ளமும் சேறுமாத்தான் கிடந்துச்சு. சிப்காட்டைச் சுத்தி சர்வீஸ் ரோட்டுல லாரியிலிருந்து கொட்டின மண்ணு எப்பவும் ஓரமா ஒரு விரக்கடை நிக்கும். டூர்னா லடாக் மட்டும்தானா? சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோடு பழவேற்காடு ஏரிக்கு நடுவுலயே போகுது, குளிர்காலத்துல பூநாரைக் கூட்டம் பார்க்கலாம். காலையில கஞ்சி குடிச்சுட்டுக் கிளம்பினா மத்தியானம் வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிடலாம். இந்த மாதிரி ரோட்டுல ஓரம் கட்டணும், நிறுத்தணும், திருப்பணும், மணல்ல தள்ளணும். பத்து கிலோ கூடக்குறைய இருந்தாலும் அங்கதான் தெரியும்.

மலை ரோடும் அப்படித்தான். ஏலகிரிக்கு 14 வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நான் 160 சிசி வண்டியில கொல்லிமலை போய் வந்தவன். எழுபதாவது வளைவுல இறங்கினப்போ கையில வலி இல்ல. எங்க கூட பெரிய வண்டியில வந்த ஒரு தம்பி, நல்ல ஓட்டக்காரன், ஐம்பதாவது வளைவிலேயே தோளைப் பிடிச்சு விட்டுக்கிட்டு நின்னான். ஒவ்வொரு வளைவுலயும் ரெண்டு மூட்டை நெல்லைச் சாய்ச்சு நிமிர்த்துற வேலை அது.

வண்டி எங்க விழுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? நூறு கிலோமீட்டர் வேகத்துல விழுறது கடவுள் விட்ட வழி, அதுக்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும். நான் சொல்றது நின்ன இடத்துல விழுறது. பெட்ரோல் பங்க்ல சைடு ஸ்டாண்டு மண்ணுல புதைஞ்சு சாயும். யூ டர்ன் எடுக்கும்போது கால் ஊனின இடம் பள்ளமா இருக்கும். மேட்டுல நிறுத்தி இறங்கும்போது பின்னாடி நழுவும். வேகம் சைபர், எடை மட்டும் முழுசா காலு மேல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனுக்கு இப்படித்தான் கணுக்கால்ல ரெண்டு இடத்துல எலும்பு உடைஞ்சது. ஹைவேயில இல்ல, டீக்கடை வாசல்ல. ரெண்டு மாசம் வேலைக்குப் போகல. காண்ட்ராக்ட் வேலையில வராத நாளுக்குச் சம்பளம் ஏது? மூணாவது மாசம் அவன் இடத்துல வேற ஆள். வண்டித் தவணை மட்டும் ஒரு நாள் தவறாம வந்துச்சு.

தவணைக்கு வருவோம், ஏன்னா எனக்கு உண்மையில வயிறு எரியிறது அங்கதான்.

எங்க தெருப் பசங்க கைக்கு வாங்குறது 15,000லேர்ந்து 18,000. ரெண்டு லட்சம் கடன், மூணு வருஷம், 12 சதவீத வட்டின்னா மாசத் தவணை சுமார் 6,600. இதே 1,20,000 கடனா இருந்தா நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். மாசம் 2,600 வித்தியாசம். பெட்ரோல் லிட்டர் நூறுன்னு வச்சுக்குங்க, 26 லிட்டர். லிட்டருக்கு 45 குடுக்குற வண்டின்னா 1,170 கிலோமீட்டர். இங்கிருந்து கொல்லிமலை போய்த் திரும்பி வந்து, மிச்சத்துல பழவேற்காடும் ஒரு தடவை போகலாம். மாசா மாசம்! டூருக்குன்னு வாங்குற கனமான வண்டி, டூர் போற காசை முதல்ல தின்னுடுது. தவணை கட்டணும்னு ஞாயித்துக்கிழமையும் ஓவர்டைம் போறான். லீவு கிடைச்சா தூங்குறான். லடாக் போக எடுத்த வண்டி வீட்டுக்கும் சிப்காட் கேட்டுக்கும் நடுவுல பதினாலு கிலோமீட்டர் ஓடிக்கிட்டிருக்கு. வாரம் ஒரு தடவை துணி வச்சுத் துடைக்கிறதுதான் அவனோட டூர். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வண்டி மேல வரல. "உன் வயசுக்கு இதுதான்டா கெத்து"ன்னு அவன் காதுல ஓதினவங்க மேல வருது.

2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28லேர்ந்து 18 ஆச்சு. அதுக்கு மேல போனா 40 சதவீதம். அரசாங்கமே எந்தப் பக்கம் காசு மிச்சம்னு காட்டிடுச்சு. அப்படியும் "வரி குறைஞ்சதே, இன்னும் கொஞ்சம் போட்டுப் பெரிய வண்டியா எடுப்போம்"னு கிளம்புறவங்களை என்ன சொல்ல?

இன்னொண்ணு, இதை யாரும் பேசுறதில்ல. நம்ம மாதிரி வீட்டுல ஒரு வண்டிதான். அந்த வண்டியை வீட்டுல வேற யாராவது எடுக்க முடியுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு வயல்ல யாரையாவது பாம்பு கடிச்சுடுச்சுன்னு வைங்க. பையன் நைட் ஷிஃப்ட்ல, கம்பெனி பஸ்ல போயிட்டான். வண்டி வாசல்ல நிக்குது. 108 வர்ற வரைக்கும் காத்திருக்கலாம், இல்ல பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பலாம். வாசல்ல நிக்கிற வண்டியை ஸ்டாண்டு எடுத்துத் திருப்ப வீட்டுல இருக்குற ஒருத்தராலயும் முடியாதுன்னா, அது யாருக்காக வாங்கின வண்டி? எங்க வீட்டு 160ஐ என் பொண்ணு ஓட்டுவா. ஆத்திரம் அவசரத்துக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரி வரைக்கும் அவளே போயிட்டு வந்திருக்கா. அந்த வண்டியிலதான் நான் ராமேஸ்வரமும் போனேன்.

இப்போ புல்லட் ரசிகருங்க சண்டைக்கு வருவாங்க, தெரியும். தம்பிங்களா, புல்லட் நம்ம லைன் வண்டி. நாம தினம் போற கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் திருவொற்றியூர்ல நிக்குதே, அங்கதான் 1955லேர்ந்து புல்லட் உருவாச்சு. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரம்பிச்சு, எல்லைக் காவலுக்குப் போற ராணுவத்துக்கு வண்டி குடுத்தாங்க. இங்கிலாந்துல கடையை மூடின பிறகும் நம்ம திருவொற்றியூர் ஆளுங்க அதை விடாம பிடிச்சுக் காப்பாத்தினாங்க. அதுல எனக்கும் பெருமைதான். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. எங்க அப்பா காலத்துல வாத்தியாரும் மணியக்காரரும் ஓட்டின அந்தப் பழைய புல்லட் 350, இன்னிக்கு வர்றதைவிட இருபது கிலோவுக்கு மேல லேசு. செல்ஃப் ஸ்டார்ட், பெரிய பேட்டரி, டிஸ்க் பிரேக், ஏபிஎஸ்னு காலத்துக்கு ஏத்த மாதிரி ஏறிக்கிட்டே வந்துச்சு. அதுல சிலது உயிர் காக்குற சாமான், வேண்டாம்னு சொல்லல. ஆனா கனம்தான் புல்லட்டோட பாரம்பரியம்னு பேசாதீங்க. அதே என்ஃபீல்டு 80கள்ல சில்வர் பிளஸ்னு 50 சிசி வண்டியும் விட்டவங்கதான்.

வெளிநாட்டுக்காரன் பெரிய வண்டியிலதானே போறான்னு கேப்பாங்க. லோயிஸ் பிரைஸுன்னு இங்கிலாந்து அம்மா ஒருத்தர், 2003ல அலாஸ்காவுல கிளம்பி தென் அமெரிக்காவோட கடைசி முனை வரைக்கும் தனியா போனாங்க. என்ன வண்டி? யமஹா 225 சிசி. யூடியூப்ல இட்சி பூட்ஸுன்னு நெதர்லாந்துப் பொண்ணு நோராலியைப் பசங்களுக்கு நல்லா தெரியும். அவங்க 2018ல நம்ம நாட்டுலதான் ஹிமாலயன் வாங்கி உலகம் சுத்தக் கிளம்பினாங்க. அந்த வண்டியிலயும் எத்தனையோ நாடு போனாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா பிறகு படகோனியாவிலிருந்து அலாஸ்கா வரைக்கும், அப்புறம் ஆப்பிரிக்கா முழுக்கவும் போனது ஹோண்டா சிஆர்எஃப் 300 ரேலியில. அது 153 கிலோ. உலகம் சுத்துறதையே தொழிலா வச்சிருக்கிறவங்க கனத்திலிருந்து லேசுக்குப் போறாங்க. பெரிய வண்டிக்கே பேர் போன பிஎம்டபிள்யூவும் 2023ல புது ஆர் 1300 ஜிஎஸ் விட்டப்போ, பழசைவிட 12 கிலோ குறைச்சிருக்கோம்னு சொல்லித்தான் வித்தாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி அவங்க எடையைக் குறைக்கிறாங்க. நாம கடன் வாங்கி எடையைக் கூட்டுறோம்.

அதுக்காக எல்லாரும் எக்ஸ்எல்ல லடாக் போங்கன்னு சொல்ல வரல. லேசுலயும் ஒரு அளவு இருக்கு. 125 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு 2019லேர்ந்து ஏபிஎஸ் கட்டாயம். ஈர ரோட்டுல திடீர்னு நாய் குறுக்க வந்தா அதோட அருமை தெரியும். அதனால வெளியூர் போறவங்களுக்கு 150, 160 சிசியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். தனி ஆளு, ரெண்டு நாள் மூணு நாள் பயணம்னா அப்பாச்சி 160 மாதிரி வண்டியே தாராளம், அது நூத்தம்பது கிலோவுக்குள்ளதான். மண் ரோடு, காட்டு ரோடு ஆசை இருந்தா எக்ஸ்பல்ஸ். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு மலை ஏறணும், மூட்டையும் கட்டணும்னா 250 பக்கம் போங்க, தப்பில்ல. பக்கத்துல இருக்குற நாகலாபுரத்துக்கும் திருத்தணிக்கும் போக இப்போ கையில இருக்குற 100 சிசியே போதும், புதுசா எதுவும் வாங்க வேண்டாம்.

எடை ஒண்ணை மட்டும் பார்த்தும் ஏமாந்துடாதீங்க. எக்ஸ்பல்ஸும் வி-ஸ்ட்ராமும் சீட்டு உயரம். நான் அஞ்சு அடி நாலு அங்குலம், எக்ஸ்பல்ஸ்ல உட்கார்ந்தா விரல் நுனிதான் தரையில படுது. பாதம் ஊனாத லேசான வண்டியைவிடப் பாதம் ஊனுற கொஞ்சம் கனமான வண்டி மேல். டயரையும் பாருங்க. ஸ்போக்ஸ் சக்கரத்துல டியூப் இருந்தா, நடுக்காட்டுல ஆணி குத்தினா சக்கரத்தைக் கழட்டணும். டியூப்லெஸ்னா திரி சொருகி காத்தடிச்சுக் கிளம்பிடலாம். உங்க ஊர் மெக்கானிக் அந்த வண்டியைப் பிரிச்சிருக்காரான்னு அவர்கிட்டயே கேளுங்க. ஷோரூம்காரர்கிட்ட கேட்காதீங்க, அவர் தலையாட்டத்தான் செய்வார்.

வண்டி வாங்கப் போறவங்க ஒரு சோதனை பண்ணுங்க. அதே மாடல் வச்சிருக்குற சிநேகிதனைக் கூப்பிட்டு, மண் தரையில பழைய கோணி விரிச்சு வண்டியை மெதுவா படுக்கப் போடுங்க. இஞ்சின் ஆஃப், முதல் கியர்ல இருக்கட்டும். வலது பக்கமா சாய்ச்சிருந்தா சைடு ஸ்டாண்டை முதல்லயே எடுத்து விட்டுடுங்க, நிமிர்ந்த பிறகு அந்தப் பக்கம் போய் விழாது. ஹேண்டில்பாரைத் தரைப் பக்கமா முழுசா திருப்பி, சீட்டுக்கு முதுகைக் குடுத்து உட்கார்ந்து, ஒரு கையில ஹேண்டில், இன்னொரு கையில பின்னாடி கம்பி. முதுகை வளைக்காம காலால ஊனி, சின்னச் சின்ன அடியா பின்னாடி நடந்து தூக்குங்க. நாம மூட்டை தூக்குற அதே வித்தைதான், முதுகு இல்ல, தொடைதான் தூக்கணும். ஒரு தடவை தூக்கினா போதாது. மூணு தடவை படுக்கப் போட்டு மூணு தடவை தூக்குங்க. மணல்ல மூணு தடவை விழுற நாள் வரும். மூணாவது தடவையும் தூக்கினா அது உங்க வண்டி. முடியலேன்னா ஷோரூம் பக்கமே போகாதீங்க. வீட்டுல இன்னொருத்தரும் அதைத் தூக்கிட்டா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க.

அடுத்து ஒரு மேடு, சின்ன மேடு போதும், அதுல வண்டியை ஏத்தி நிறுத்திட்டு இறங்கிப் பின்னாடி தள்ளி இறக்குங்க. செண்டர் ஸ்டாண்டு போடுங்க. நம்ம வாய்க்கா பாலம் அகலத்துக்கு ரெண்டு கல்லு வச்சு அதுக்குள்ள யூ டர்ன் அடிங்க. விக்கிறவங்க ஷோரூம் வாசல்ல நேர் ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டச் சொல்வாங்க. நேர் ரோட்டுல எல்லா வண்டியும் நல்ல வண்டிதான்.

சாமானையும் குறைங்க. மூணு நாளைக்கு ரெண்டு செட் துணி, மழைக்கோட்டு, பஞ்சர் கிட், மருந்து, சார்ஜர். இதுக்கு ரெண்டு இரும்புப் பெட்டி எதுக்கு? ஒரு துணிப் பை, ரெண்டு கயிறு போதும். ராத்திரி எங்க தங்கினாலும் வண்டியையும் பையையும் தானே உள்ள கொண்டு போக முடிஞ்சா மனசு நிம்மதியா தூங்கும்.

பணம் இருக்கு, ஆசை இருக்கு, உடம்புல தெம்பும் இருக்குங்கிறவங்க 241 கிலோ வண்டி வாங்கட்டும், யாரும் தடுக்கல. நான் பேசுறது தவணையில வாங்கப் போற நம்ம வீட்டுப் பசங்ககிட்ட. உங்களுக்கு ஊர் சுத்தணுமா, இல்ல ஊர் உங்களைப் பார்க்கணுமா? முதல்ல அதுக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. ஊர் பார்க்கணும்னா எதை வேணும்னாலும் வாங்குங்க, ஆனா அதுக்கு டூருன்னு பேர் வைக்காதீங்க. ஊர் சுத்தணும்னா லேசானதை வாங்கி, மிச்சக் காசுக்குப் பெட்ரோல் போட்டுக் கிளம்புங்க. நவரை நடவு முடிஞ்சா எனக்கும் ஒரு வாரம் ஓய்வு இருக்கு. ஜவ்வாது மலைப் பக்கம் போறதா உத்தேசம். கூட வர்றவங்க வரலாம். வண்டி எதுவா இருந்தாலும் சரி, வழியில சாய்ஞ்சா நீங்களேதான் தூக்கணும்.